கடையில் சரி, வண்டியில் இல்லை

1991ஆம் ஆண்டு நாட்குறிப்பில், ஆடி மாதத்து ஞாயிற்றுக்கிழமைகளில், ஒரே வரியை இரண்டு முறை எழுதியிருக்கிறேன்: "கடையில் சரி, வண்டியில் இல்லை." எழுதியவன் நான்தான். ஆனால் அதைச் சரியாகப் படித்தவள் என் மனைவி.

அந்த ஆண்டு தையில் எங்களுக்குத் திருமணம். சிங்கப்பெருமாள் கோவில் ரயில் நிலையத்துக்குப் பின்னால் வீடு. இரண்டு அறை, ஏழு பேர். ஒரகடம் சாலையில் ஓர் உதிரிபாகத் தொழிற்சாலையின் பிரஸ் ஷாப்பில், அதாவது தகட்டை அச்சில் வைத்து அடிக்கும் பகுதியில், எனக்கு வேலை. வழியில் ஒரு கிராமத்துத் தொடக்கப் பள்ளியில் அவள் ஆசிரியை. காலையில் என் பைக்கில் அவளைப் பள்ளி வாசலில் இறக்கிவிட்டுவிட்டு நான் ஷிஃப்டுக்குப் போவேன். மாலையில் அவள் பஸ்ஸில் திரும்பிவிடுவாள். எனக்குப் பெரும்பாலும் ஓ.டி. இருக்கும். ஆக, நாங்கள் இருவர் மட்டும் பேசிக்கொள்ள ஒரு நாளில் கிடைத்தது வண்டியில் போகும் அந்த அரை மணி நேரம்தான்.

அந்த அரை மணி நேரத்தில் அவள் பேசுவாள், நான் "ம்" என்பேன். தொழிற்சாலை கேட்டில் ஹெல்மெட் இல்லாதவனை உள்ளே விடமாட்டார்கள் என்பதால் தலையில் எப்போதும் ஹெல்மெட். காற்று, லாரிகள், எங்கள் வண்டியின் சைலன்சர் எல்லாம் சேர்ந்து, அவள் சொல்வது எதுவும் காதில் விழாது. எத்தனை முறைதான் திருப்பிக் கேட்பது?

ஆனிக் கடைசியில் ஒரு காலை, பள்ளி வாசலில் இறங்கியவள் நகராமல் நின்றாள்.

"நாலு நாளா ஒரே விஷயத்த கேட்டுகினு வரேன். வேணாம்னா வேணாம்னு சொல்லுங்க. சும்மா இன்னாத்துக்கு 'ம்' கொட்டிகினு வரீங்க?"

"இன்னா கேட்ட? சத்தியமா காதுல வுழல."

"வுழலயா, வுழவே வேணாம்னு இருக்கீங்களா?"

பதிலுக்குக் காத்திராமல் உள்ளே போய்விட்டாள். மறுநாளிலிருந்து வண்டியில் பேச்சு நின்றது. என்ன கேட்டாள் என்று கிணற்றடியில் தனியாக விசாரித்தபோது, "ஒண்ணுமில்ல, வுடுங்க" என்றாள். கல்யாணமாகி ஆறு மாதத்தில், நான் அவள் பேச்சைக் காதில் வாங்க விரும்பாதவன் என்று அவள் முடிவு கட்டிவிட்டாள்.

வண்டியில் முன்னால் இருப்பவரும் பின்னால் இருப்பவரும் ஒயர் வழியாகப் பேசிக்கொள்ளும் கருவி பற்றி நூலகத்தில் ஒரு பத்திரிகையில் படித்திருந்தேன். அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமை ரயிலேறி, சென்னையில் எலெக்ட்ரானிக்ஸ் கடைகள் இருக்கும் ரிச்சி தெருவுக்குப் போனேன். அங்கே ஒரு கடைக்காரர் அதைத் தானே செய்து விற்றுக்கொண்டிருந்தார். மூன்று வகை வைத்திருந்தார்: பேச மட்டும் ஒன்று, சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகு வைத்தது ஒன்று, கேசட் பிளேயரையும் இணைத்துக்கொள்ளக் கூடியது ஒன்று. ஓட்டுபவரின் ஹெல்மெட்டுக்குள் இடது பக்கம் ஒரு சின்ன ஸ்பீக்கரும் மைக்கும், பின்னால் இருப்பவருக்கு ஓர் இயர்ஃபோனும் மைக்கும்.

"வலது கை ஆக்சிலேட்டர் கை சார். ஒயர் அதுல மாட்டிகிச்சுன்னா கதை முடிஞ்சுது. அதான் எல்லாமே லெஃப்டு."

முதல் வகையை எடுத்து, டெலிபோன் போலக் காதில் வைத்துப் பார்த்தேன். உள்ளறையிலிருந்து அவர் "டீ சாப்ட்டியா சார்?" என்றது துல்லியமாகக் கேட்டது. வாங்கி வந்து வண்டியில் மாட்டினேன். பின்னால் உட்கார்ந்தவளுக்கு நான் பேசுவது நன்றாகக் கேட்டது. அவள் பேசியது எனக்கு ஏதோ பூச்சி முனகுவது போல வந்தது. கியர் மாற்றியதும் அதுவும் இல்லை. குறித்து வைத்தேன். அடுத்த ஞாயிறு அதைக் கொடுத்துத் திருகு வைத்ததை வாங்கினேன். அதே கதை, அதே வரி.

"மிஷினு வெச்சும் கேக்கலயா?" என்றாள். அந்தக் குரலில் சண்டைகூட இல்லை. அதுதான் பயமாக இருந்தது.

மூன்றாவது முறை அவளும் வந்தாள்.

"வாங்க சார், மறுபடியும் ரிட்டனா?" என்றார் கடைக்காரர். "செட்டுல கொறை இல்ல சார். நீங்க பேசாம வண்டிய மாத்திடுங்க." கேசட் வகையை எடுத்து அவளிடம் நீட்டினார். "இத பாரும்மா. பாட்டு ஓடிகினே இருக்கும், நீ பேசுனா அதுவா கொறஞ்சிடும்."

"பாட்டு வேறயா? அப்புறம் இவுரு 'ம்' கூட சொல்லமாட்டாரு."

கடைக்காரர் சிரித்தார். அவள் சிரிக்காமல், கடைக்காரரிடம் காட்டுவதற்காக மேசைமேல் நான் வைத்திருந்த நாட்குறிப்பைப் புரட்டினாள். அந்த வரியில் விரலை வைத்தாள்.

"கடையில எந்தக் காதுல வெச்சு பாத்தீங்க?"

கை தானாகவே வலது காதுக்குப் போயிற்று.

"ஹெல்மெட்டுல?"

இடது.

அவள் என் இடது பக்கம் வந்து நின்று, என் வலது காதைத் தன் உள்ளங்கையால் அழுத்தி மூடினாள். சற்றுப் பொறுத்துக் கையை எடுத்தாள்.

"இன்னா சொன்னேன்?"

"நீ எப்ப சொன்ன?"

"அம்மா சத்தமாதான் சொன்னாங்க சார்," என்றார் கடைக்காரர், குரலைத் தாழ்த்தி. "எனக்கே கேட்டுச்சு."

பிரஸ் ஷாப்பில் எங்கள் மெஷின்கள் எல்லாம் இடது பக்கம். யாராவது ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் வலது பக்கம் வந்து காதோடு கத்துவார்கள். டீ குடிக்கப் போனாலும் அந்தப் பழக்கம்தான். ஒருவருக்கொருவர் வலது காதைக் கொடுத்தே உட்காருவோம். ஆறு வருஷமாக என் இடது காதோடு யாரும் பேசியதில்லை. அது போனது எனக்கே தெரியவில்லை. அவளோ புடவையில் இரண்டு காலையும் இடது பக்கம் போட்டு உட்காருபவள். ஆறு மாதமாக அவள் பேசியதெல்லாம் என் இடது தோளுக்கு மேலேதான்.

அவள் முகத்தில் முதலில் தெரிந்தது நிம்மதி. காது போன சேதிக்கு நிம்மதிப்பட்டதை நினைத்து உடனே வெட்கப்பட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். எனக்கும் உள்ளே அதே நிம்மதிதான்.

பேச மட்டுமான முதல் வகையையே எடுத்தோம். கடைக்காரர் ஸ்பீக்கரை வலது பக்கத்துக்கு மாற்றி, ஒயரைக் கழுத்துக்குப் பின்னால் சுற்றிக் கொண்டுவந்து பற்றவைத்துக் கொடுத்தார். அந்த வாரமே செங்கல்பட்டில் டாக்டரைப் பார்த்தோம். போனது திரும்பாது, இருப்பதைக் காப்பாற்றலாம் என்றார். பிரஸ் ஷாப்பில் சாப்பாட்டு வேளையில் ஒருவர் வலது காதை ஒருவர் பொத்திப் பார்த்தோம். நான் மட்டும் இல்லை. எல்லோருமாகப் போய்க் கேட்ட பிறகு காதுக்கு அடைப்பான் வந்தது. எனக்கு மறு தைக்குள் இன்ஸ்பெக்‌ஷன் பகுதிக்கு மாற்றலும் கிடைத்தது.

ஆனால் அதற்கெல்லாம் முன்னால், கடையிலிருந்து வந்த மறுநாள் திங்கட்கிழமை காலை.

"கேக்குதா?"

"கேக்குது. கத்தாத."

வண்டி ஒரகடம் சாலையில் திரும்பியது. பிறகு, "பழசயே கேக்கட்டா?" என்றாள். "பள்ளிக்கொடத்தாண்ட ஒரு போர்ஷன் காலியா இருக்கு. ரெண்டு ரூம்பு, தனிக் கொழா. நாம மட்டும் போலாமான்னுதான் கேட்டேன். உங்க அம்மாவுக்குப் பயந்துகினு 'ம்' கொட்றீங்கன்னு நெனச்சேன்."

"இன்னும் இருக்குதா, வுட்டாங்களா?"

"வூட்டுக்காரம்மா வெள்ளிக்கெழம வரைக்கும் யாருக்கும் வுடல."

"எந்தத் தெரு?"

"பள்ளிக்கொடத்துக்கு முன்னாடி ரைட்டு. மெதுவா போங்க, தாண்டிடப் போறீங்க."

அன்றைய குறிப்பு: "வண்டியில் சரி. வீடு பார்த்தோம். ஷிஃப்டுக்குப் பத்து நிமிடம் தாமதம்."