ஹவுப்ட் என்றால் மெயின்தானே?

மூன்று வாரத்துக்கு முன் ஒரு பிறந்தநாள் விருந்து. ஜெர்மனியில், டார்ம்ஸ்டாட்டிலிருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரம். மலையும் மாடுமாக ஒரு கிராமம். அங்கே இருக்கிற ஒரே தமிழ்க் குடும்பம் சிவநாதனுடையது. யாழ்ப்பாணத்துக்காரர், பக்கத்து பிளாஸ்டிக் தொழிற்சாலையில் வேலை. அவர் மனைவி வசந்தியும் என் மனைவியும் ஜெர்மன் வகுப்புத் தோழிகள்.

பிறந்தநாள் மகள் தர்சினிக்கு. பத்து வயது. நாலாம் வகுப்பு முடிக்கப் போகிறாள். இங்கே அதற்குப் பிறகு வேறு பள்ளிக்கு மாறவேண்டும்; எந்தப் பள்ளி என்று டீச்சர் சொல்வார். கேக் வெட்டி முடித்ததும் சிவநாதன் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"இன்னொரு சந்தோசமான விசயம். பிள்ளையை ஹவுப்ட்ஷூலேக்கு அனுப்பச் சொல்லி டீச்சர் சொல்லிப்போட்டா."

நான் பலமாகக் கை தட்டினேன். ஏன் தட்டமாட்டேன்? ஜெர்மன்காரர்கள் கொடுத்த கிரீன் கார்டில் கம்ப்யூட்டர் வேலைக்கு வந்து பிராங்பேர்ட்டில் இறங்கிய அன்றே கற்றுக்கொண்ட வார்த்தை 'ஹவுப்ட்'. ஹவுப்ட்பான்ஹோஃப் என்றால் மெயின் ஸ்டேஷன். பெரிய ரயிலெல்லாம் அங்கேதான் நிற்கும். அப்படியானால் ஹவுப்ட்ஷூலே? ஊரிலேயே பெரிய பள்ளிக்கூடமாகத்தானே இருக்கவேண்டும்...

கை தட்டாமல் இருந்தவர் ஒரே ஒருவர். மாலா — வசந்தியின் சித்தி மகள், பிராங்பேர்ட்டிலிருந்து வந்திருந்தார்.

"அத்தான், உங்களுக்கு அது என்ன பள்ளிக்கூடம் எண்டு தெரியுமோ?"

"ஹவுப்ட் எண்டா மெயின்தானே?"

"பேர்தான் மெயின். அங்க போனா பதினஞ்சு பதினாறு வயசோட படிப்பு முடிஞ்சுது. பிறகு கடையில, பட்டறையில அவுஸ்பில்டுங் எண்டு தொழில் பழகவேண்டியதுதான். யூனிவர்சிட்டிக்குப் போறதெண்டா கிம்னாசியம் எண்ட பள்ளிக்கூடத்துக்குப் போகவேணும்."

இந்த கிம்னாசியம் விஷயத்தில் நானும் யோக்கியன் இல்லை. வந்த புதிதில் அந்த போர்டைப் பார்த்துவிட்டு, தொப்பையைக் குறைக்க மாதம் எவ்வளவு ஆகும் என்று விசாரிக்கப் போனவன்.

சிவநாதனின் முகம் வாடிவிட்டது. வசந்தி கேக் தட்டை அப்படியே மேசையில் வைத்தார். தர்சினி கணக்கில் வகுப்பிலேயே முதல். மாலாவின் மகனுக்குக் கணக்கு சுமார்தான் — ஆனால் அவன் கிம்னாசியத்தில் இருக்கிறான். எப்படி?

"எங்களையும் ஒருத்தரும் கூப்பிட்டுச் சொல்லேல்லை. தமிழ்ப் பள்ளிக்கூட வாசலில நிண்டு கதைக்கேக்க கேள்விப்பட்டது. நாங்களே போய்க் கேட்டனாங்கள்," என்றார் மாலா.

விஷயம் அவ்வளவுதான். பிராங்பேர்ட்டில் சனிக்கிழமை தமிழ் வகுப்பு உண்டு. பிள்ளைகள் உள்ளே 'அ, ஆ' படிப்பார்கள். வெளியே அப்பா அம்மாக்கள் எந்தப் பள்ளி, எந்த டீச்சர் என்று அலசுவார்கள். துருக்கிக்காரர்களுக்கும் அப்படி ஒரு டீக்கடையோ சலூனோ இருக்கும். கிராமத்தில் தன்னந்தனியாக இருக்கும் குடும்பம் யாரைக் கேட்கும்? மாட்டையா? நகரத்தில் அந்நியனாக இருந்தால் மொழி மட்டும்தான் பிரச்னை. கிராமத்தில் அந்நியனாக இருந்தால் வதந்திகூட வந்து சேராது... நல்ல வதந்தி இல்லாமல் எந்தப் பிள்ளையும் கல்லூரி போய்ச் சேர்ந்ததாக எனக்குத் தெரியவில்லை.

அடுத்த வாரமே டீச்சரைப் பார்க்க டெர்மின், அதாவது நேரம், வாங்கினார்கள். மொழிபெயர்ப்புக்கு மாலா, கார் ஓட்ட நான். நாலாம் வகுப்பு நாற்காலிகளில் முழங்கால் மோவாயில் இடிக்க உட்கார்ந்தோம்.

டீச்சர் நல்லவர். அதுதான் சிக்கல். கெட்டவராக இருந்தால் சண்டை போடலாம். "கெட்டிக்காரப் பெண்தான். ஆனால் கிம்னாசியம் பக்கத்து டவுனில் இருக்கிறது, பஸ்ஸில் போகவேண்டும். வீட்டுப்பாடத்துக்கு வீட்டில் யார் உதவுவார்கள்? இங்கேயே இருந்தால் தோழிகளோடு சந்தோஷமாக இருப்பாள்," என்றார்.

மாலா மதிப்பெண்களைச் சொன்னார். டீச்சர் பஸ்ஸைச் சொன்னார். மறுபடி மதிப்பெண், மறுபடி பஸ். சிவநாதன் குனிந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்போது, ஜெர்மன் வகுப்பில்கூட வாய் திறக்காத வசந்தி நிமிர்ந்தார்.

"நைன்."

ஜெர்மனில் இல்லை, வேண்டாம் என்று அர்த்தம். டீச்சருக்கே தூக்கிவாரிப் போட்டது. வசந்தி இன்னொரு முறை சொன்னார். "நைன். கிம்னாசியம்."

டீச்சர் மதிப்பெண் தாளை மடித்து வைத்தார். பிறகு, "நான் ஆலோசனைதான் சொல்லலாம். எங்கள் மாநிலத்தில் பெற்றோர் விருப்பம்தான் முடிவு. இந்த ஊரில் யாரும் மறுத்துச் சொல்வதில்லை..." என்று இழுத்தார். அதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே அம்மணி? எனக்குக் கோபம்தான். ஆனால் நான் டிரைவர்.

வெளியே பெஞ்சில் தன் முறைக்காக ஒரு ஜெர்மன் பெண் காத்திருந்தார். தர்சினியின் வகுப்புத் தோழன் ஒருவனின் அம்மா. பால் பண்ணைக்காரர். பையன் படிப்பில் தர்சினிக்குச் சரியான போட்டியாம்.

"உங்களுக்கும் ஹவுப்ட்ஷூலேதானா?" என்று கேட்டார்.

"நாங்கள் வேண்டாம் என்று சொல்லிவிட்டோம்," என்றார் மாலா.

அந்த அம்மாள் எழுந்தே விட்டார். "அப்படிச் சொல்லலாமா? எங்கள் வீட்டில் எல்லோரும் டீச்சர் சொன்ன இடத்துக்குத்தான் போனோம்."

மாலா விளக்க ஆரம்பிப்பதற்குள் வசந்தி அந்த அம்மாளின் கையைப் பிடித்தார். தன் அரைகுறை ஜெர்மனில் சொன்னார்: "சொல்லலாம். ஒரு வார்த்தைதான். நைன்."

ஜெர்மன்காரிக்கே ஜெர்மன் சொல்லிக்கொடுத்த யாழ்ப்பாணத்துப் பெண்ணை அன்றுதான் பார்த்தேன்.