தெங்கேரா மெழுகுக் கட்டி

தெங்கேராவில் மெழுகு விற்ற ஒரு மனிதரை ஊர் பார்க்க அவமானப்படுத்த வேண்டும் என்றுதான் நான் வேதியியல் படித்தேன். மற்றவர்களுக்கு அறிவுத் தாகம் இருந்திருக்கலாம். எனக்கு இருந்தது வன்மம்.

கஜா பேராங்கில் இருந்த எங்கள் வீட்டில் அம்மா மாதா கோயிலுக்கு மெழுகுவர்த்தி வார்த்துக் கொடுத்தாள். அப்பா இல்லாத வீட்டுக்கு அதுதான் சோறு. பீடத்து வர்த்தி சுத்தத் தேன்மெழுகாக இருக்க வேண்டும் என்பது கோயில் கட்டளை. மெர்டேக்கா, அதாவது நாட்டுக்குச் சுதந்திரம், வந்த வருடம், ஒரு திருநாளின் நடுப்பகல் வெயிலில், அம்மாவின் வர்த்திகள் நான்கும் குனிந்துவிட்டன. பாரபின் என்ற மலிவு மெழுகு கலந்திருக்கிறது என்று, கோயில் காரியங்களைப் பார்த்துவந்த உபதேசியார் எல்லார் முன்பும் சொன்னார். வேலை போனது.

"கடையில வாங்குனதத்தான் வார்த்தேன்" என்று அம்மா அழுதாள். எனக்கு அது போதும். நேரே தெங்கேராக் கடைக்குப் போய் வாயில் வந்தபடி ஏசினேன். கடைக்காரர் பதிலே பேசவில்லை. திருடனுக்குத் தேள் கொட்டினால் அப்படித்தான் இருப்பான் என்று நினைத்துக்கொண்டேன். அதன்பின் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் ஏசினேன்.

"விட்டுடுய்யா, நமக்கு எதுக்கு பகை?" என்று அம்மா எத்தனையோ தடவை கெஞ்சினாள். ஏமாளிப் பேச்சு என்று தள்ளிவிட்டேன்.

அப்போது நான் ஒரு பள்ளிக்கூட வேதியியல் லெப்பில் குப்பி கழுவிக்கொண்டிருந்தேன். அங்கிருந்த தடித்த புத்தகத்தில் எனக்கு ஆயுதம் கிடைத்தது. தேன்மெழுகின் பெரும்பகுதி எஸ்டர். அதாவது, ஓர் அமிலமும் ஓர் ஆல்கஹாலும் சேர்ந்து உண்டானது. சாராயத்தில் கரைத்த காஸ்டிக் பொட்டாஷோடு நெடுநேரம் கொதிக்க வைத்தால் அந்தச் சேர்க்கை பிரிந்து, சவக்காரமாகிக் கரைந்துவிடும். பாரபினோ வெறும் கரியும் ஹைட்ரஜனும். பொட்டாஷ் அதை ஒன்றும் செய்யாது. தேன்மெழுகிலும் அந்த இனம் கொஞ்சம் உண்டு, ஆறினால் சுத்த மெழுகும் கலங்கும், ஆகவே சூடு ஆறுவதற்குள் பார்க்க வேண்டும். சூட்டிலேயே கலங்கினால் கலப்படம்.

குனிந்த வர்த்தியில் ஒரு துண்டைச் சோதித்தேன். கலங்கியது. அன்று சோறு ருசித்தது.

"கடைக்காரன் தப்புன்னு காட்டு, வேலய உங்கம்மாகிட்டயே தர்றேன்" என்றார் உபதேசியார். அவரையும் கூட்டிக்கொண்டு, அடுப்பு, சட்டி, குப்பியோடு கடை வாசலில் போய் உட்கார்ந்தேன். அம்மாவுக்கு வெட்டிக் கொடுத்த கட்டியின் மிச்சம் இன்னும் கடைத் தட்டில் இருந்தது. வேடிக்கை பார்க்கக் கூட்டம் சேர்ந்தது.

கடைக்காரர் மெல்ல வந்தார். "தம்பி, இதெல்லாம் எதுக்குலா? நாந்தான் கலந்தேன்னு வெச்சுக்குங்க. அம்மாவுக்கு வேலயக் குடுத்துடுங்க."

உபதேசியார் திருப்தியாக எழுந்துகொண்டார். நான் விடவில்லை. ஒப்புக்கொண்டால் போதுமா? கூட்டம் கண்ணால் பார்க்க வேண்டும், அவர் தலை குனிய வேண்டும். உபதேசியாரின் கையைப் பிடித்து உட்கார வைத்துவிட்டு, கட்டியில் ஒரு துண்டைச் சீவிக் குப்பியில் போட்டேன். வெந்நீர்ச் சட்டியில் ஒரு மணி நேரத்துக்கு மேல் கொதித்தது. எடுத்து வெளிச்சத்தில் பிடித்தேன். பால் விடாத தேத்தண்ணி போலத் தெளிவாக இருந்தது. ஆட்டிப் பார்த்தேன். அப்போதும் தெளிவுதான்.

"கட்டி சுத்தமா இருக்கே" என்றார் உபதேசியார். "அப்ப கலந்தது யாரு?"

வீட்டுக்கு வந்து சொன்னேன். அம்மா அழவில்லை.

"மஞ்சளா இருக்கு, வெள்ளையா வேணும்னு உபதேசியாருதான் நச்சரிச்சாரு. நாந்தான் பாரபின் கலந்தேன். அதையும் அந்தக் கடையிலதான் வாங்குனேன், கடைக்காரருக்குத் தெரியும்" என்றாள். "ஒரு வருசமா உங்கிட்ட ஏச்சு வாங்கிக்கிட்டு அந்த மனுசன் வாயத் தொறக்கல. அவரே பழிய ஏத்துக்கிட்டப்பகூட உனக்கு ஆறலையா?"