அருவியில் குளித்தவள் மலைக்குப் பிரதிநிதி

கள்ளக்குறிச்சியில் வளர்ந்த எனக்குக் கல்வராயன் மலை என்றால் அருவியில் குளிக்கப் போகும் இடம், அவ்வளவுதான். பாங்காக்கில் நடந்த சர்வதேச இளைஞர் மாநாட்டில் ஏற்பாட்டாளர்கள் அவர்களாகவே என்னை ‘மலைவாழ் மக்களின் பிரதிநிதி’ என்று மேடையேற்றினார்கள். நானும் வெட்கமில்லாமல், கூகுளில் படித்ததை அழாத குறையாகப் பேசினேன். கேட்டவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னோடு செல்ஃபி எடுத்தார்களே தவிர, அந்த மலை எங்கே இருக்கிறது என்று ஒருவரும் கேட்கவில்லை.

வீடியோவைப் பார்த்துவிட்டு, மலையிலிருந்து வந்து என்னோடு படிக்கும் செல்வி கேட்டாள்: “மூணு வருசமா எங்க வூட்டுக்குக் கூப்டுகினு இருக்கேன். பஸ்ஸு இல்ல, நடக்கணும்னு வரமாட்டேன்ன. எங்களப் பத்திப் பேச மட்டும் பிளேன் ஏறிப் போனியா?”

இப்போதெல்லாம் மாநாட்டுக்காரர்கள் அழைத்தால் செல்வியின் நம்பரைக் கொடுத்துவிடுகிறேன். “இங்கிலீஷ் நல்லா பேசுவாங்களா?” என்று கேட்கிறார்கள். அதோடு சரி. இதுவரை ஒரு போன்கூட அவளுக்குப் போகவில்லை.