செல்வி அக்காவின் கையும் என் சவர்க்காரமும்

இன்று பதுளையிலிருந்து ஸ்பிரிங்வெளி போகும் பஸ்ஸில் செல்வி அக்கா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். தேயிலைத் தோட்டத்தில் எங்கள் லயத்து வரிசை வீடுகளில்தான் இருக்கிறார். நான் வீட்டில் செய்த மல்லிகைச் சவர்க்காரத்தை இரண்டு வாரத்துக்கு முன் அவருக்குக் கொடுத்திருந்தேன்.

அவர் கை முழங்கை வரை சிவந்து தடித்திருந்தது. சவர்க்காரத்தில் காஸ்டிக் சோடாவை அளவுக்கு மேல் போட்டுவிட்டேனோ என்று பயந்து கேட்டேன்.

"கையில என்னக்கா? என் சவர்க்காரம் ஒத்துக்கலையா?"

"அதில்லம்மா. நேத்து கொழுந்து பறிக்கையில கம்பளிப்பூச்சி பட்டிருச்சு."

அவர் வலியில் இருக்க, எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"அப்போ சவர்க்காரம் எப்படிக்கா?"

"நல்ல வாசம்மா. கரைஞ்சிடுமேன்னு சேலைப் பெட்டியில வச்சிருக்கேன்."

இதைப் படிக்கும் நண்பர்களே, உங்களில் பலருக்கும் அந்தச் சவர்க்காரத்தைக் கொடுத்திருக்கிறேன். யாராவது அதைப் போட்டுக் குளித்தீர்களா?