எட்டாவது கம்பெனி

ப்ளஸ் ஒன் பரீட்சை முடிந்ததும் தொழிற்கல்விப் பிரிவில் இருந்த எங்கள் எல்லோருக்கும் டீச்சர் ஆளுக்கொரு கடிதம் கொடுத்தார். ஏதாவது ஒரு பனியன் கம்பெனியில் பத்து நாள் இன்டர்ன்ஷிப் முடித்து, சீல் வைத்த சர்டிபிகேட் வாங்கி வர வேண்டும். ஊர் முழுக்கக் கம்பெனிதானே, கஷ்டமில்லை என்று நினைத்தேன்.

மே மாத வெயிலில் மூன்று நாள் அலைந்தேன். ஏழு கம்பெனிகளில் நான்கு வாசலோடு சரி. கடிதத்தைப் பார்க்காமலே செக்யூரிட்டி திருப்பி அனுப்பினார். மற்ற மூன்றில் உட்கார வைத்து, வயதைக் கேட்டு, அப்புறம் பார்க்கலாம் என்றார்கள். பள்ளிச் சீருடை வியர்வையில் முதுகோடு ஒட்டிக்கொண்டது. ஒரு பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்தபடியே தூங்கிப்போய் இரண்டு பஸ்ஸை விட்டேன்.

மிச்சமிருந்தது அம்மா வேலை பார்க்கும் கம்பெனி. தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்த நாளாக அம்மா அங்கேதான், தைத்த பனியனில் குறை பார்க்கும் செக்கிங்கில் நின்றாள். நான் அங்கே போகிறேன் என்றதும் அடுப்பைத் தணித்தாள். பிறகு சொன்னாள்: "எம்புள்ளன்னு சொல்லிராதட்டி. நாளைக்கு ஒன்னுன்னா என்னையல்லா கேப்பாவ."

அங்கே போனபோது நான் சொல்லவில்லை. எச்.ஆர். மேடம் மட்டும்தான் கடிதத்தை முழுதாகப் படித்தார்.

"தப்பா நெனச்சுக்காத கண்ணு. பதினெட்டு ஆகாத புள்ளைய உள்ள உட்டா, வெளிநாட்டுக்காரங்க ஆடிட்டுக்கு வர்றப்ப நாங்கதான் பதில் சொல்லோணும்."

எனக்கு அழுகைகூட வரவில்லை. கடிதத்தை மடித்துக்கொண்டு எழுந்தேன். அப்போது கதவைத் திறந்துகொண்டு அம்மா வந்தாள். டீ டைம். தலையில் துணிப் பஞ்சு ஒட்டியிருந்தது. கண்ணாடி வழியாக என்னைப் பார்த்திருக்கிறாள்.

"எம்புள்ளதான் மேடம்," என்றாள். "மூணு நாளா அலையுதா."

மேடம் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "ஏனுங்க்கா, இத மொதல்லயே சொல்லக்கூடாதுங்களா?" என்றார். விதி விதிதான், உள்ளே சேர்க்க முடியாது என்றும் சொன்னார். ஆனால் போனை எடுத்தார். இரண்டு தெரு தள்ளித் துணிகளைப் பரிசோதிக்கும் சின்ன லேப் ஒன்றை ஒரு கணவனும் மனைவியும் நடத்தினார்கள்; அங்கே ஆடிட் எதுவும் கிடையாது. அவர்களிடம் எனக்காகப் பேசினார். பெல் அடித்தது. அம்மா டீ குடிக்காமலே திரும்பிப் போனாள்.

அந்த லேப்பில் பத்து நாள் துணியை வட்டமாக வெட்டி எடை பார்த்தேன். துவைத்துக் காயவைத்து, எவ்வளவு சுருங்கியது என்று அளந்து எழுதினேன். வேலை பிடித்திருந்தது என்று சொல்ல ஆசைதான். உண்மையில், யாரிடமும் எதுவும் கேட்காமல் ஓரிடத்தில் உட்கார முடிந்ததே எனக்குப் போதுமாக இருந்தது.

ஜூனில் டீச்சர் சர்டிபிகேட்டை வாங்கி, சீல் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு, கட்டோடு கட்டாக வைத்தார். அம்மாவிடம் அதைச் சொல்லவில்லை. நல்லா இருக்குன்னு சொன்னாங்க என்றேன். சரி என்று சொல்லிவிட்டு, காலை நீட்டிப் படுத்துக்கொண்டாள்.