நரம்புகள் கைவிட்டபோது மாரியம்மா கேட்டாள்

அம்மனை நம்பி வாழும் என் உறவுகளுக்கு வணக்கம். நான் செல்வி. குன்னூர்ப் பக்கம் ஒரு டீ எஸ்டேட்டில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தவள். போன வருடம் ஐப்பசி மழையில் என் உடம்பே எனக்குச் சிறையாகிவிட்டது.

முதலில் வயிற்றுப்போக்குத்தான் வந்தது. அது நின்று சில நாள் கழித்துப் பாதம் மரத்தது. குளிர் என்று நினைத்து வேலைக்குப் போனேன். சரிவில் ஏறும்போது முழங்கால் மடங்கி, செடிகள் மேலேயே விழுந்தேன். எழப் பார்த்தேன். கால் என் சொல்லைக் கேட்கவில்லை.

என் கணவர் முருகேசன் எஸ்டேட் ஃபேக்டரியில் வேலை பார்க்கிறார். அவர் ஓடி வந்து தூக்கிக்கொண்டு போனார். குன்னூர் ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு உடனே கோவைக்கு அனுப்பினார்கள். மலை இறங்குவதற்குள் கைகளும் தொய்ந்துவிட்டன. மேட்டுப்பாளையத்தில் வண்டியை நிறுத்தித் தண்ணீர் கொடுத்தார். விழுங்க முடியவில்லை.

கோவையில் டாக்டரம்மா என் கணவரிடம் பொறுமையாகச் சொன்னார்.

"மூளைக்கும் தண்டுவடத்துக்கும் ஒண்ணும் ஆகலைங்க. அங்கிருந்து கை காலுக்குப் போற நரம்புலதான் கோளாறு. கரண்டு ஒயருக்கு மேல ரப்பர் இருக்கற மாதிரி நரம்புக்கும் ஒரு உறை இருக்குதுங்க. கிருமியோட சண்டை போட வேண்டிய அணுக்கள் தப்பா அந்த உறையையே அரிச்சிருச்சு. மூளை சொல்றது தசைக்குப் போய்ச் சேர மாட்டேங்குது."

"சரியாயிருமுங்களா?"

"உறை மறுபடி வளரும். உள்ள இருக்கற நரம்பு இழையே அத்துப் போயிருந்தா கஷ்டமுங்க. மூச்சுக்குப் போற நரம்பு தாங்குதான்னு மொதல்ல பாக்கணும்."

தாங்கவில்லை. தொண்டைக்குள் குழாய் போட்டு மிஷினில் மூச்சு விட வைத்தார்கள். மருந்தை ரத்தக்குழாயில் ஏற்றினார்கள். அதற்குப் பிறகும் முகம் செத்தது. இமைகூடத் திறக்கவில்லை.

ஆனால் எனக்கு எல்லாம் கேட்டது, எல்லாம் புரிந்தது. கன்னத்தில் ஈ உட்கார்ந்தால் தெரிந்தது. கண்ணீர் வழிந்து காதுக்குள் போவது தெரிந்தது. துடைக்கச் சொல்ல வழியில்லை. என் கட்டிலருகே நின்று, நான் இல்லாதவள் மாதிரி என்னைப் பற்றிப் பேசினார்கள். கத்தினேன். அது எனக்குள்ளேயே செத்துப்போனது.

'தாயே, என்னை எடுத்துக்கொள்' என்று வேண்டினேன். வேறு எதுவும் வேண்டத் தோன்றவில்லை.

பக்கத்துக் கட்டிலில் ஒரு பெண். அவளுடைய தாய் "மாரியம்மா, என் பிள்ளையக் குடு" என்று அழுவது தினமும் கேட்கும். ஒருநாள் மதியம் அந்தப் பெண் இறந்துபோனாள். அந்தத் தாயின் ஓலம் என் நெஞ்சைக் கிழித்தது. வாய்விட்டுக் கூப்பிட்டவளுக்கே கேட்காதவள், வாயில்லாத எனக்கா கேட்பாள்? அன்றோடு நான் வேண்டுவதை விட்டுவிட்டேன். அந்த நாட்களைப் போல ஒரு இருட்டை நான் பார்த்ததில்லை. அம்மனும் இல்லை, நானும் இல்லை.

பிறகு என் மகள் கவிதாவைப் பார்க்க விட்டார்கள். பத்தாம் வகுப்புப் படிக்கிறாள். கிட்டே வரப் பயந்தாள் போல, அவள் குரல் தள்ளியிருந்தே கேட்டது.

"அப்பா, நாம பேசறது அம்மாவுக்குக் கேக்குதுங்களா?"

"தெரியலை கண்ணு."

அந்த ஒரு சொல்லில் நான் செத்தே போனேன். விட்டுவிட்ட தாயை மறுபடி கூப்பிட்டேன். 'கால் வேண்டாம், கை வேண்டாம். நான் இங்கே இருக்கிறேன் என்று என் பிள்ளைக்குத் தெரிய வேண்டும். அது மட்டும் கொடு.' நெற்றியில் உயிர் முழுவதையும் திரட்டி முக்கினேன்.

"அப்பா! அம்மா புருவம் அசைஞ்சுதுங்கப்பா!"

நர்ஸ் ஓடி வந்தார். "அக்கா, கேக்குதுன்னா இன்னொருக்கா தூக்குங்க."

தூக்கினேன். கவிதா என் முகத்தோடு முகம் வைத்து அழுதாள். அவள் கண்ணீரும் என் காதுக்குள் போனது.

மருந்து வேலை செய்ய ஆரம்பித்துவிட்டது என்றார் டாக்டரம்மா. உண்மைதான். அந்த மருந்தையும், அரித்துப்போன உறையைத் திரும்பக் கட்டும் அணுக்களையும் என் தாய்தான் கொடுத்தாள் என்று நான் நம்புகிறேன். முகம், தோள், கை என்று மேலிருந்து மெதுவாக உயிர் இறங்கியது. இறங்கும்போது மிளகாய் அரைத்துப் பூசியது போல எரிந்தது. அந்த எரிச்சலையும் வரம் என்றே வாங்கிக்கொண்டேன்.

முழுசாகக் குணமாகவில்லை. வலது பாதம் இழுக்கிறது. சரிவில் ஏற முடியாது. எஸ்டேட்டில் வேலைக்குப் போகும் தாய்மாரின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிறேன். பக்கத்துக் கட்டில் பெண்ணுக்கு ஏன் கிடைக்கவில்லை, எனக்கு ஏன் கிடைத்தது? எனக்குத் தெரியாது. செவ்வாய்க்கிழமை கோவிலுக்குப் போனால் முதலில் அந்தத் தாய்க்காகத்தான் வேண்டுகிறேன்.

உறவுகளே, கால் மரத்துத் தளர்ந்தால் குளிர் என்று இருந்துவிடாதீர்கள், அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். நம்பிக்கை செத்துப்போனால் செத்த நம்பிக்கையோடே தாயைக் கூப்பிடுங்கள். நான் அப்படித்தான் கூப்பிட்டேன். அவள் வந்தாள்.