பட்டியலில் இல்லாத வீடு

சத்சுகி எங்கள் மலைக்கு மருமகளாக வந்தபோது அவளுக்கு இருபத்தைந்து வயது. பிறந்து வளர்ந்தது கடற்கரையில், விடிந்ததும் மீன் ஏலம் கூவும் ஊரில். அங்கே பனி விழுந்தாலும் காற்று வாரிக்கொண்டு போய்விடும். எங்கள் ஒகுசாவாவில் விழுந்த பனி ஏப்ரல் வரை எங்களோடுதான் குடித்தனம் நடத்தும்.

நான் முப்பது வருஷமாக நகராட்சிக்குப் பனி தள்ளும் வண்டி ஓட்டுகிறேன். பெயர் மொரியா. சத்சுகியின் வீடு சாலையின் கடைசி வீடு. அங்கே போய்த்தான் வண்டியைத் திருப்புவேன். அவள் கையில் சூடான தேநீரோடு வாசலில் நிற்பாள். சில விஷயங்கள் அவள் சொல்லித் தெரியும். சில அவள் மகள் நாகி சொன்னவை. ஒன்றிரண்டில் எனக்கே பங்கு உண்டு. அதை மறைத்துவிட்டு இந்தக் கதையைச் சொல்ல முடியாது.

கல்யாணமாகி நாலாம் வருஷம் அவளுடைய அம்மா படுக்கையில் விழுந்தாள். சத்சுகி கணவன் கெங்கோவிடம் கேட்டாள். "ஒரு ரெண்டு வருஷம் கீழ டவுன்ல இருக்கலாமேங்க. அங்கேர்ந்து ரயில் இருக்கு. காலைல போயி அம்மாவைப் பாத்துட்டு ராத்திரிக்குள்ள வந்துருவேன்."

"எங்க வம்சத்துல யாரும் இந்த வீட்டை விட்டு இறங்கினதில்ல. நான் இறங்கினா ஊர்ல என்ன சொல்லுவாங்க?" என்றான் கெங்கோ. மாமனார் தொமேகிச்சி இரண்டு நாள் சாப்பாட்டைத் தள்ளி வைத்தார். அதற்குமேல் அவள் கேட்கவில்லை.

அடுத்த பிப்ரவரியில் அம்மா இறந்துபோனாள். அன்றைக்குப் பார்த்து மலைச்சரிவில் பனி இறங்கி சாலை மூடிக் கிடந்தது. மூன்றாம் நாள்தான் என்னால் வழி திறக்க முடிந்தது. என் வண்டிக்குப் பின்னாலேயே அவர்கள் கார் வந்தது. அவள் போய்ச் சேர்ந்தபோது அம்மா வெள்ளைத் துணி சுற்றிய ஒரு சாம்பல் கலயமாகத்தான் இருந்தாள்.

திரும்பி வந்தவள் யாரிடமும் அழவில்லை. வீட்டைப் பிடித்துக்கொண்டாள். இத்தனை விலை கொடுத்தாகிவிட்டது, இனி இது என் வீடு என்று நினைத்திருப்பாள் போலிருக்கிறது. கூரைப் பனியை வெட்டி இறக்குவதில் கெங்கோவை மிஞ்சினாள். நவம்பரிலேயே கீழ்த்தள ஜன்னல்களுக்குப் பலகை அடிப்பாள். முள்ளங்கியையும் முட்டைக்கோசையும் மண்ணில் புதைத்து, பனிக்கு மேல் தெரிகிற மாதிரி நீளமான மூங்கிலை அடையாளம் நடுவாள். பதினோரு வீடு இருந்த ஒகுசாவாவில் ஒவ்வொரு குடும்பமாக டவுனுக்கு இறங்கியது. கடைசியில் இவர்கள் மட்டும்தான். "நாங்க போக மாட்டோம் அண்ணே. உங்களுக்கு வேலை இருந்துட்டே இருக்கும்" என்று என்னிடம் சிரிப்பாள்.

போன டிசம்பரில் பனி முந்திக்கொண்டது. ஒரே நாளில் ஆள் உயரம். காலையில் எழுந்தால் கீழ்த்தளம் முழுக்க இருட்டு. வாசல் கதவு திறக்கவில்லை. மாடி ஜன்னல் வழியாகத்தான் வெளியே எட்டிப்பார்க்க முடிந்தது.

இந்த மாதிரி நாளில் சத்சுகிக்குத் தெம்பு கூடிவிடும். ஊறுகாய்ப் பீப்பாயைத் திறந்தாள். அடுப்பின் மேல் அரிசிக் கட்டிகளை வைத்துச் சுட்டாள். அவை உப்பி வெடிக்கிற சத்தத்துக்கு நாகி கைதட்டினாள். அடியில் கணப்பு வைத்த தாழ்ந்த மேசையைச் சுற்றி, போர்வைக்குள் கால் நீட்டி நாலு பேரும் உட்கார்ந்தார்கள். கெங்கோ என்றைக்கும் இல்லாத உற்சாகத்தில் இருந்தான். பூச்சீட்டுக் கட்டை எடுத்து வந்தான். பந்தயம், ஆட்டத்துக்கு ஒரு ஆரஞ்சு.

"மாமா, சீட்டை மடிக்குள்ள ஒளிக்காதீங்க."

"மடியில கெடக்கறது முட்டிவலிம்மா. வேணும்னா எடுத்துக்க."

"தாத்தா, நாலு ஆரஞ்சு பாக்கி. தோலை எண்ணித்தான் வச்சிருக்கேன்" என்றாள் நாகி. அவளுக்குப் பதினேழு வயது. பள்ளி லீவு தொடங்கியிருந்தது.

மத்தியானம் சத்சுகி காதைத் தீட்டிக்கொண்டு, "மொரியா அண்ணனோட வண்டிச் சத்தத்தைக் காணோமே" என்றாள்.

"எல்லாப் பக்கமும் பனி. சாயங்காலம் வந்துருவான்" என்றான் கெங்கோ. சாயங்காலம் ஆனதும் "நாளைக்கு" என்றான். மறுநாள் அவள் ஆபீசுக்கு போன் போடப் போனபோது தடுத்தான். "அவங்க ஏற்கெனவே திண்டாடிட்டு இருப்பாங்க. நாம வேற தொந்தரவு பண்ணணுமா? வா, இன்னொரு ஆட்டம்."

அவளுக்கு அது பிடித்துத்தான் இருந்தது. கெங்கோ இப்படிச் சிரித்துப் பேசிப் பல வருஷம் ஆகியிருந்தது. பனி இன்னும் ரெண்டு நாள் இருந்தாலும் பரவாயில்லை என்று நினைத்ததாகப் பிறகு என்னிடம் சொன்னாள். அதைச் சொல்லும்போதுதான் அவள் குரல் உடைந்தது.

என் பங்குக்கு வருகிறேன். அந்த வருஷம் என் கைக்கு வந்த சாலைப் பட்டியல் தேவதாரு மர வளைவோடு முடிந்திருந்தது. மேலே ஆள் இல்லை என்று எழுதியிருந்தது. வளைவில் நின்று பார்த்தால் அவர்கள் மாடியில் விளக்கு எரிந்தது. சாமான் எடுக்க வந்திருப்பார்கள் என்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டு வண்டியைத் திருப்பினேன். இரண்டாம் நாள் காலையில் கெங்கோவே மாடியிலிருந்து ரகசியக் குரலில் போன் செய்தான்.

"மொரியா, ஆபீசுக்குத் தெரியாம ஒரு தடவை மேல வந்து தள்ளிட்டுப் போயேன்."

"என்னப்பா, நீங்க காலி பண்ணலையா?"

"டவுன் வீடு தள்ளிப்போயிருச்சு, ஜனவரியிலதான் கைக்கு வருது. சத்சுகிகிட்ட இன்னும் சொல்லல. புத்தாண்டுக்குச் சொல்லலாம்னு இருந்தேன். நீ வாயைத் திறந்துராத."

ரெண்டு நாள் கழித்து வருகிறேன் என்றேன். மற்ற ஊர்கள் காத்திருந்தது உண்மைதான். ஆனால் எடுத்த எடுப்பில் அவளிடம் சொல்லிவிட என்னால் முடிந்திருக்கும். நான் சொல்லவில்லை.

நாலாம் நாள் மாமனாரின் ரத்த அழுத்த மாத்திரை இரண்டே இரண்டு மிச்சம். கெங்கோ கூரை மேல் பனி வெட்டிக்கொண்டிருந்தான். சத்சுகி நகராட்சிக்கு போன் போட்டாள்.

எடுத்தவர் இளம் அதிகாரி. குழம்பிப்போனார். "ஒகுசாவாவா? டிசம்பர் ஒண்ணாம் தேதியிலேர்ந்து அங்க யாரும் குடியிருக்கலைன்னு இருக்கேம்மா. அக்டோபர்லயே எழுதிக் குடுத்துட்டீங்களே."

"யாரு எழுதிக் குடுத்தது?"

"நாலு பேர் பேரும் இருக்கு. நீங்க சத்சுகி அம்மாதானே? உங்க முத்திரையும் பதிஞ்சிருக்கு."

அவள் போனை வைத்தாள். அலமாரி இழுப்பறையைத் திறந்து பார்த்தாள். கையெழுத்துக்குப் பதிலாக வைக்கிற அவளுடைய முத்திரை வழக்கமான இடத்தில், உறைக்குள், ஒழுங்காக இருந்தது.

கெங்கோ புருவமெல்லாம் பனியோடு மாடி ஜன்னல் வழியாக உள்ளே இறங்கி, படியில் வந்தான். அவள் எழுந்திருக்கவில்லை.

"என் முத்திரையை எப்ப எடுத்தீங்க?"

அவன் கையுறையைக் கழற்றவே நிறைய நேரம் எடுத்துக்கொண்டான். "அப்பாவுக்கு முட்டி போயிருச்சு. நாகிக்கு அடுத்த வருஷம் நர்சிங் படிப்பு. எனக்கும் கூரை ஏற முடியல. உன்கிட்ட சொன்னா நீ ஒத்துக்க மாட்டேன்னு..."

"மாமா, உங்களுக்குத் தெரியுமா?"

கிழவர் கையிலிருந்த சீட்டையே பார்த்தார். "கெங்கோ சொல்லிருவான்னுதான்மா நினைச்சேன்."

அவள் மகள் பக்கம் திரும்பினாள். நாகி அழ ஆரம்பித்துவிட்டாள். "அப்பாதான் சொல்லக்கூடாதுன்னாரும்மா. நான் போயி வீட்டைக்கூடப் பாத்துட்டு வந்தேன்."

"அப்ப வண்டி வராதுன்னு மூணு பேருக்கும் தெரியும். நான் மட்டும் ஜன்னல்ல காதை வச்சிட்டு நின்னிருக்கேன். அதைப் பாத்துக்கிட்டே சீட்டு ஆடியிருக்கீங்க."

"நீ கவலைப்படக் கூடாதுன்னுதான்..."

"இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால நான் இதே எடத்துல உக்காந்து கேட்டேன். ரெண்டே ரெண்டு வருஷம். எங்கம்மா சாகக் கிடக்கிறா, இறங்குவோம்னு. வம்சம்னீங்க, ஊர் என்ன சொல்லும்னீங்க. உங்களுக்கு முட்டி வலிச்சதும் வம்சம் எங்க போச்சு? போறதைப் பத்தி நான் ஒண்ணும் சொல்லல. நீங்க கேட்டிருந்தா நான் சரின்னுகூட சொல்லியிருப்பேன். என்னைக் கேக்கவே இல்லையே."

அவள் மறுபடி போனை எடுத்தாள். "இங்க நாலு பேர் உயிரோட இருக்கோம். எழுதிக்குங்க" என்றாள்.

அடுத்த அரைமணியில் எனக்கு உத்தரவு வந்தது. மேலே போய்ச் சேரப் பொழுது சாயத் தொடங்கிவிட்டது. வாசலைத் தோண்டித் திறந்ததும் அவள் வெளியே வந்தாள். என் முகத்தில் என்னத்தைக் கண்டாளோ, "நீங்களுமா அண்ணே?" என்றாள். தலையைக் குனிந்துகொண்டேன். மாத்திரைச் சீட்டை என் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். அன்றைக்குத் தேநீர் இல்லை.

ஜனவரியில் மூன்று பேரும் டவுனுக்கு இறங்கினார்கள். சத்சுகி இறங்கவில்லை. கெங்கோ கெஞ்சினான், அப்பாவை விட்டும் கெஞ்ச வைத்தான். "இந்தப் பனி முடியற வரைக்கும் இருக்கேன். எப்ப இறங்கணும்னு நானே சொல்றேன்" என்றாள். அந்தக் குளிர்காலம் முழுக்க ஒரே ஒரு ஆளுக்காகச் சாலையைத் திறந்தேன். ஞாயிறுதோறும் கெங்கோ வந்து கூரைப் பனியை இறக்கினான். அவள் தடுக்கவில்லை. சாப்பிட்டுவிட்டுப் போங்கள் என்று சொல்லவும் இல்லை. நாகி மட்டும் இரண்டு வாரம் வந்து தங்கினாள். அம்மாவும் மகளும் பேசிக்கொண்டதை நாகி என்னிடம் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

மே மாதம் அவள் இறங்கினாள். முதலில் கடற்கரைக்குப் போய் அம்மா கல்லறையருகே தங்கை வீட்டில் ஒரு மாதம் இருந்தாள். பிறகு டவுன் வீட்டுக்கு வந்து, பள்ளிச் சமையற்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். முத்திரையை இப்போது கைப்பையிலேயே வைத்திருக்கிறாள்.

போன வாரம் கடையில் பார்த்தேன். "கெங்கோ எப்படி இருக்கான்?" என்று தயங்கித்தான் கேட்டேன்.

"எதுக்கெடுத்தாலும் என்னைக் கேக்குறாரு அண்ணே. தோஃபு ஒண்ணு வாங்கவா ரெண்டு வாங்கவான்னு கடையிலேர்ந்து போன் பண்றாரு" என்றாள்.

"நல்லதுதானே?"

அவள் கூடையில் வெங்காயத்தாளை எடுத்து வைத்தாள். "பதில் சொல்றேன். ஆனா அவர் கேக்குறப்பல்லாம் எரிச்சலா வருது" என்று சொல்லிவிட்டு, வரிசையில் போய் நின்றாள்.